செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களிலும் எலும்பு முறியும், ஐயா

மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு முழுநேர எலும்பு மருத்துவர் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களெல்லாம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. போன மாதம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்தார். வயது 71. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிம் இல்லை, திரையை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சரி, பிடித்துக்கொண்டேன். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சுவரில் எழுதியிருக்கிறதே: 'எலும்பு முறிவு: செவ்வாய், வெள்ளி'. அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற நாட்களில் அவரை வேறு ஊருக்கு அனுப்புவது நீங்கள்தான்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடுகிற ஆந்திரப் புத்தூருக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நகரி வழியாகப் போகிற பஸ்ஸில் கையைத் துண்டில் தொங்கவிட்டு ஏறினால், கண்டக்டர் கேட்காமலே புத்தூர் டிக்கெட் கொடுப்பார். மூங்கில் சிம்பும் பச்சிலையும் வைத்துக் கட்டுகிற அந்தக் கட்டை நான் பழிக்க மாட்டேன். சின்ன வயதில் என் மணிக்கட்டு அதில்தான் சேர்ந்தது. ஆனால் அம்மாவுக்கு முறிந்தது தொடை எலும்பின் கழுத்து. அங்கே முறிந்தால் இடுப்பு மூட்டுக்குள் இருக்கிற எலும்புப் பந்துக்குப் போகிற ரத்தமே நின்றுபோகலாம். கட்டுப் போட்டு ஆகிற காரியமில்லை. வயதானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடப் பார்க்க வேண்டும் என்பது நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

சென்னைக்குக் கொண்டுபோய்ப் பாதி மூட்டு மாற்றியபோது ஐந்தாம் நாள். அதற்குள் முதுகில் படுக்கைப் புண். இப்போது வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறார். அந்தப் புண்ணுக்குத்தான் இன்னும் தினமும் மருந்து வைத்துக் கட்டுகிறேன்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'ரெஃபர்': வேறு பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்புவது. எல்லையைத் தாண்டினால் புத்தூர், தாண்டாவிட்டால் ரெஃபர். கட்டடம் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, திறப்பு விழாக் கல்வெட்டுகூடப் பளபளவென்று இருக்கிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: எல்லா நாளும் இருக்கிற ஒரு எலும்பு மருத்துவர். சுவரில் 'செவ்வாய், வெள்ளி'யை அழித்துவிட்டு 'தினமும்' என்று எழுத தயவுசெய்து உத்தரவிடுங்கள். பெயின்ட் செலவு என்னுடையது.

வணக்கத்துடன்,
அந்த 71 வயது அம்மாவின் மகன்