இழுப்பறையில் ஒட்டிய மயில்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். நீ அனுப்பிய படத்தை உன் அம்மா கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். யாரோ வேண்டாமென்று புளோக்கின் கீழே விட்டுச் சென்ற கட்டிலோர அலமாரியை, நகர மன்ற ஆட்கள் அள்ளிக்கொண்டு போவதற்குள் தூக்கி வந்து, வெளிர்நீலம் பூசி, படம் ஒட்டி, இப்படி ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றுவாய் என்று நான் நினைத்ததில்லை. தூரிகைக் கோடு எங்கும் தெரியவில்லை. கப்பல் பட்டறையில் என்னிடம் பெயிண்ட் வேலை பழகியவர்களில் பலருக்குக் கடைசிவரை அந்தக் கை வரவில்லை.

ஆயினும் அடிவேலையில் அவசரப்பட்டிருக்கிறாய். இடது மூலையில் நீலத்தினூடே பழுப்புக் கறை எழும்புவது படத்திலேயே தெரிகிறது. மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து, தண்ணீர் கலந்த பெயிண்ட்டில் கரைந்து மேலே வருகிறது. அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் மறுபடியும் வரும். ஷெல்லாக் பிரைமர் போன்ற, கறையைத் தடுக்கும் அடிப்பூச்சுதான் அதை அடக்கும். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, 120 எண் உப்புத்தாளிலும் பிறகு 220 எண்ணிலும் தேய்த்து, தூசியைத் துடைத்த பின்புதான் பிரைமர். தேய்த்தபோது முகமூடி அணிந்தாயா? பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூளைக் கிளப்பாமல், ஈரமாக்கித் தேய்ப்பதே நல்லது. சிலிகி வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

இழுப்பறையின் முகப்பில் உள்ள மயிலைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி அந்த அழைப்பிதழைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. டிகூபாஜுக்கு, அதாவது படத்தை வெட்டி ஒட்டி வார்னிஷ் பூசும் வேலைக்கு, அத்தனை தடித்த அட்டை பொருந்தாது என்பதை மட்டும் சொல்கிறேன். மெல்லிய தாளோ, மூன்றடுக்குக் கைத்துடைக் காகிதத்திலிருந்து பிரித்தெடுத்த அச்சுள்ள மேலடுக்கோதான் பசையில் படிந்து மரத்தோடு ஒன்றும்; அட்டையோ விறைத்து நிற்கும், ஓரம் நிமிரும், பொன்னிற அச்சின்மீது வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. அதையேதான் ஒட்ட வேண்டுமென்றால், பின்புறத்தை நனைத்து அடுக்கடுக்காக உரித்து மெலிதாக்கியிருக்கலாம், அல்லது லேசர் பிரதி எடுத்து அதை வெட்டியிருக்கலாம். இங்க்ஜெட் பிரதி வேண்டாம். பசையின் ஈரத்தில் மை கலங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார், சீன, ஜப்பானிய அரக்குவேலைக்கு ஈடாக, அச்சுப் படங்களை வெட்டி ஒட்டி, அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக வார்னிஷ் ஏற்றி அழகு பார்த்தார்கள் என்று நூலகப் புத்தகமொன்றில் படித்தேன். அவர்களும் தாளைத்தான் ஒட்டினார்கள், அட்டையை அல்ல. மணமக்கள் பெயர் அச்சிட்ட பக்கத்தை என்ன செய்தாய் என்று உன் அம்மா கேட்கிறார். நான் கேட்கவில்லை.

வார்னிஷ் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். உள்ளே இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில், அதுவும் ஆண்டிறுதி மழை மாதங்களில், இன்னும் தாமதமாகும். அதுவரை அதன்மேல் தண்ணீர்க் குவளை வைக்காதே. அவசரப்பட்டு எதையும் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதே. பெயிண்ட்டைத்தான் சொல்கிறேன்.

பொது நடைபாதையில் வைத்து உலர்த்துகிறாய் போலும். 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அண்டை வீட்டார் புகார் செய்ய இடம் கொடுக்காதே. அது உங்கள் புங்கோல் வீட்டு நடைபாதை போலத் தெரியவில்லை. தரை வேறாக இருக்கிறது. கட்டிலுக்கு இருபுறமும் வைப்பதானால் இரண்டு செய்ய வேண்டுமே, ஒன்றுடன் நிறுத்திவிட்டாயே என்றும் அம்மா கேட்டார். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று நானே ஏதோ சொல்லி வைத்தேன். தம்பி போர்க்காலப் படைப் பயிற்சி முடிந்து திரும்பிவிட்டான்.

ஆத்தாவின் அலமாரியைக் கேட்டிருந்தாய். தருகிறேன். ஆனால் அது தேக்கு. அதன்மேல் பெயிண்ட் படவே கூடாது, காகிதமும் ஒட்டக் கூடாது. துடைத்து எண்ணெய் பூசினால் போதும். உடைந்த கைப்பிடிக்கு இணை தேடி நான் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் அலைந்தது உனக்கு நினைவிருக்கும். 2017 ஜூலையில் அந்தச் சந்தையையும் மூடிவிட்டார்கள், இனி அப்படியொன்று உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவது? பெயிண்ட் வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த முகவரியில் இறக்க வேண்டும் என்று எழுது. கனமான சாமான், மறுமுனையைப் பிடிக்க மாப்பிள்ளை இருப்பாரா, அல்லது தம்பியை உடன் அழைத்து வரட்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா