சார்ல்ஸ்டன் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைத் தென் கரோலினாவிலுள்ள சார்ல்ஸ்டனுக்கு அழைத்துப் போகிறோம் என்று அறிவித்ததிலிருந்து ஒரே கேள்வி மூன்று வீடுகளிலிருந்து வந்துவிட்டது. "கடற்கரை, குதிரை வண்டி, வண்ண வண்ண வீடுகள் எல்லாம் சரி. அடிமைகளை இறக்கிய இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டுமா?" தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பயணத்தின் பாடம் ஒரு துறைமுக ஊரின் இசை. அந்த இசை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் கப்பல் துறையில்தான் போய் நிற்கிறோம்.

1670இல் ஆங்கிலேயர் ஆஷ்லி ஆற்றங்கரையில் குடியேறி, பத்தாண்டுகளில் இப்போதைய இடத்துக்கு மாற்றிக்கொண்ட ஊர் அது. நெல்லும் நீலச் சாயம் தரும் அவுரியும் ஏற்றுமதியாயின. சதுப்பு நிலத்தில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த உழைப்பில் சேர்ந்த பணத்தில் இசையும் வளர்ந்தது. 1735இல் நீதிமன்ற அறையிலேயே ஓர் ஓபரா, அதாவது பாட்டு நாடகம், நடந்தது. 1766இல் புனித சிசிலியா சங்கம் தொடங்கியது. நம் சபாக்களைப் போலவே உறுப்பினர் சந்தாவில் கச்சேரி நடத்திய அமைப்பு. வயலினும், ஓபோ, பசூன் என்ற ஊதுகருவிகளும் வாசிப்பவர்கள் தேவை என்று 1771இல் வெளியூர்ப் பத்திரிகையில் விளம்பரம்கூடக் கொடுத்தார்கள்.

அந்தச் சங்கம் தொடங்குவதற்கு முன்பே அதே மண்ணில் இன்னோர் இசைக்குத் தடை விழுந்திருந்தது. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குத் தென்மேற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, முரசு அடித்துக்கொண்டே தெற்கு நோக்கி நடந்தார்கள். முரசொலி கேட்டு மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள். கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய பிறகு, 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றமானது. முரசையும் எழுத்தையும் ஒரே தாளில் தடை செய்திருக்கிறார்கள். தமிழ் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதைக் கடந்து போக முடியவில்லை.

தாளம் நிற்கவில்லை. கைதட்டல், மரத்தரையில் மிதிக்கும் கால், தரையைக் குத்தும் ஒரு கோல், இவையே முரசாயின. போன வாரம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். பாதிப் பேர் இரண்டு இரண்டாகவும் மீதிப் பேர் மூன்று மூன்றாகவும் தட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் வகுப்பே குழம்பிவிட்டது. "டீச்சர், மேசையைத் தட்டலாமா?" என்றான் ஒருவன். மேசைக்கும் தடை என்றேன். மூன்றாவது முயற்சியில் ஒருவழியாகச் சேர்ந்து வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

புனித மைக்கேல் தேவாலயத்தின் எட்டு மணிகளையும் பிள்ளைகள் கேட்கப்போகிறார்கள். லண்டனில் வார்த்து 1764இல் வந்தவை. அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் எடுத்துச் சென்றது, திரும்பி வந்தது, உள்நாட்டுப் போரின் தீயில் சிதைந்து மறுவார்ப்புக்காக லண்டன் போய் வந்தது என்று 1867க்குள் ஐந்து முறை அட்லாண்டிக்கைக் கடந்தன. எல்லா வழிகாட்டிகளும் இந்தக் கதையைச் சொல்வார்கள். இரவில் கறுப்பர்கள் தெருவை விட்டு அகல வேண்டும் என்று அறிவித்ததும் இந்தத் தேவாலய மணிதான். அதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

இனி, நீங்கள் கேட்ட இடம். காட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் தூண்கள்மேல் நிற்கிறது. அடியில் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்க வைக்கப்பட்ட மனித உருவங்களைத் தரையில் பொறித்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறி அவற்றை மூடுகிறது, பிறகு வடிகிறது. முன்னேற்பாட்டுக்காக நான் போனபோது அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை. பயமுறுத்தும் படங்கள் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி வைக்க மாட்டோம். இந்த இடத்தை மட்டும் விடுவதாக இல்லை.

அங்கிருந்து ஜென்கின்ஸ் அனாதை இல்லத்தின் கதைக்கு வருவோம். 1891இல் ஒரு கறுப்பினப் போதகர் தொடங்கியது. யாரோ கொடுத்த பழைய ஊதுகருவிகளோடு சிறுவர்கள் தெருவில் வாசித்துக் காசு சேர்த்தார்கள். 1895இல் லண்டன் வரை போனார்கள். பின்னாளில் ஜாஸ் உலகில் பெயர் பெற்ற டிரம்பெட் கலைஞர்கள் ஜாபோ ஸ்மித்தும் கேட் ஆண்டர்சனும் அங்கே வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும் அப்போது.

பஸ் காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும், காத்திருக்காது. சில தெருக்கள் உருண்டைக் கற்கள் பாவியவை, ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். மதியத்துக்குப் புளியோதரை போதும். கைச்செலவுக்கு 10 டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். சந்தையில் பெண்கள் ஒருவகைப் புல்லைச் சுற்றிச் சுற்றிக் கூடை பின்னிக்கொண்டிருப்பார்கள். வயலில் நெல் புடைக்கப் பின்னிய முறத்தின் வழி வந்த கைவேலை அது. 10 டாலருக்கு அந்தக் கூடை கிடைக்காது. நம் பிள்ளைகள் பேரம் பேசவும் கூடாது. பக்கத்தில் நின்று பின்னுவதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஒப்புதல் படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்