பாம்பு ஆளை அளப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம் வளர்க்கும் பந்து மலைப்பாம்பு ஆறு வாரமாக இரை எடுக்க மறுக்கிறது என்றும், இரவில் கூண்டைத் திறந்து வைத்தால் படுக்கைக்கு வந்து தமக்குப் பக்கத்தில் கயிறு போல நீண்டு கிடக்கிறது என்றும் ஓர் அம்மையார் சென்ற ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில் எழுதியிருந்தார். பாம்பு வயிற்றைக் காலியாக்கிக்கொண்டு, விழுங்குவதற்காக அவருடைய உயரத்தை அளந்து பார்க்கிறது என்று அதற்கு ஒரு பதிலும் அருகிலேயே அச்சாகியிருந்தது. பதினோரு ஆண்டுகளாக அதே இனப் பாம்பை வளர்த்து வருபவன் என்ற முறையில், அந்தப் பதில் முற்றிலும் தவறு என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். (வளர்ப்பவர்கள் இதைப் பால் பைத்தான் என்பார்கள். பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர்.)

பாம்பு ஆளை அளக்கிறது என்ற கதை, ஊரும் ஆளும் மாறி மாறிப் பல காலமாக உலவி வருவது. மலைப்பாம்பின் வேட்டையை ஒருமுறை பார்த்தவர் அதை நம்ப மாட்டார். பதுங்கிக் கிடந்து, எட்டும் தூரத்தில் வந்ததைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவ்விச் சுற்றிக்கொள்வதே அதன் வழி. பக்கத்தில் படுத்து அளவெடுக்கும் வரை எந்த எலியும் காத்திருக்காது. விழுங்குவதற்கு எல்லை வகுப்பது இரையின் பருமன்தான், நீளம் அன்று. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பாக ஒட்டாமல் நெகிழ்வாக இணைந்திருப்பதால், தன் தலையைவிடப் பருத்த எலியைப் பாம்பால் விழுங்க முடிகிறது. ஆனால் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதே அரிதான பந்து மலைப்பாம்பின் வாய், மனிதரின் தோளைக் கடக்க வழியே இல்லை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் 2017-இல் ஒரு மலைப்பாம்பு வளர்ந்த மனிதர் ஒருவரை விழுங்கியது உண்மைதான். அது ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள வேறோர் இனம்.

அப்படியானால் அம்மையாரின் பாம்பு ஏன் இரையை மறுக்கிறது, ஏன் அவரருகே வந்து படுக்கிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம் என்பது என் ஊகம்: கூண்டு குளிர்ந்திருக்கிறது. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 25 முதல் 27 பாகை வரையிலும் இருக்க வேண்டும். போதிய சூடு கிடைக்காவிட்டால் விழுங்கியது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். ஆகவே பாம்பு விழுங்காமலிருப்பதே அதற்கு நல்லது. அதே பாம்பு, இரவில் அறையில் சூடாக உள்ள ஒரே பொருளான மனித உடலைத் தேடி வந்து, விலாவை ஒட்டி நீண்டு கிடப்பதில் வியப்பில்லை. கூண்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல், பாம்பு படுக்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்துப் பார்க்குமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன். என் கூண்டில் ஒருமுறை முகப்பு 32 என்று காட்டியது. உணர்கம்பி இடம் பெயர்ந்திருந்ததால் தரை 26 பாகையில்தான் இருந்தது.

வெப்பம் சரியாக இருந்தும் மறுத்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கண். சட்டை உரிக்கும் முன் பாம்பின் கண் பால் படிந்தாற்போல் நீலம் பூத்துவிடும். பார்வை மங்கிய அந்த நாட்களில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடுவதில்லை. இணைசேரும் பருவத்தில் வளர்ந்த ஆண்கள் மாதக்கணக்கில் இரை எடுக்காமலிருப்பதும் இந்த இனத்தில் வழக்கம். என்னுடையது ஓர் ஆண்டில் தொடர்ந்து ஐந்து மாதம் எதையும் தொடவில்லை. நான் வாரந்தோறும் தராசில் வைத்து எடை குறித்துவந்தேன். 1,640 கிராமாக இருந்தது 1,570-க்கு இறங்கியது, அவ்வளவுதான். பட்டினியின் நாட்களை எண்ணுவதைவிட எடையைப் பார்ப்பதே மேல் என்பதை அந்த ஐந்து மாதத்தில் கற்றேன். எடை மளமளவென்று இறங்கினாலோ, வாய் திறந்தபடியே மூச்சு வாங்கினாலோ, மூக்கிலோ வாயிலோ சளி நுரைத்தாலோ காத்திருக்கக் கூடாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இரை நேரத்தில் பாம்பு திடீரென்று மூர்க்கமாகிவிட்டது என்று பலர் வருந்துவதற்கும் இதே போன்ற விளக்கமே உண்டு. என் பாம்பு என்னைக் கடித்தது ஒரே ஒரு முறை, தவறு என்னுடையது. உறைந்த எலியை வெந்நீரில் இளக வைத்துவிட்டு, கையைத் துணியில் மட்டும் துடைத்துக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டேன். அதற்கு முன்பே பாம்பு மறைவிடத்திலிருந்து பாதி வெளியே வந்து, கழுத்தை எஸ் வடிவில் பின்னுக்கு இழுத்து, நாக்கை நீட்டி நீட்டி நிதானமாக அசைத்துக்கொண்டிருந்தது. நாக்கு கொண்டுசெல்லும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு எலி என்று அறிவித்திருக்க வேண்டும். மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள் சூடான ஏதோ ஒன்று நெருங்குகிறது என்று உணர்த்தியிருக்க வேண்டும். எலி மணமும் உடற்சூடும் உள்ள ஒரு பொருள் உள்ளே வந்தால் பாம்பு வேறு என்ன நினைக்கும்? மணிக்கட்டைக் கவ்வி மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டது. அஞ்சிக் கடிக்கும் பாம்பு கடித்தவுடன் விட்டு விலகும்; இரையென்று கடிக்கும் பாம்பு விடாமல் சுற்றும். இந்த வேறுபாடு தெரிந்தால், சினத்துக்கும் பசிக்கும் இடையே குழம்ப வேண்டியதில்லை. அன்றுமுதல் இரை கொடுக்க நீண்ட இடுக்கியைப் பயன்படுத்துகிறேன். மற்ற நேரங்களில் கூண்டைத் திறந்ததும் கொக்கியால் அதன் முதுகை மெல்லத் தொட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். அந்தத் தொடுதல் வந்தால் இரை வராது என்பதைச் சில வாரங்களில் அது பழகிக்கொண்டது.

செத்த எலியைக் கூட இறுக்கிப் பிழிவது ஏன் என்று விருந்தாளிகள் கேட்பதுண்டு. எப்போது விடுவது என்பதை இரையின் இதயத் துடிப்பைக் கொண்டே பாம்பு அறிகிறது போலும். இதேபோல் இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், செத்த எலிக்குள் செயற்கை இதயத் துடிப்பைப் பொருத்தியபோது பாம்புகள் நெடுநேரம் இறுக்கின. துடிப்பை இடையில் நிறுத்தியபோது சற்று நேரத்தில் தளர்த்தின. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இறுக்கும் பாம்பு மூச்சைத் திணறடித்துக் கொல்வதைவிட, சில நொடிகளிலேயே இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவதாகக் காட்டியது. கவ்விய பின் எலியின் உடலை நாக்கால் துழாவித் தடுமாறுவது போலத் தோன்றுவது தலையைத் தேடுவதற்காக. தலைப்பக்கம் தொடங்கினால் மயிரும் காலும் தொண்டையில் எதிர்த்து நிற்காது. விழுங்கி முடித்ததும் ஓரிரு முறை வாயை அகலத் திறப்பது தாடையைச் சரிசெய்துகொள்ளவே அன்றி இன்னும் வேண்டுமென்று கேட்பதற்காக அன்று.

மந்தமாகக் கிடப்பவரை இரை விழுங்கிய மலைப்பாம்பு என்கிறோம். வெளியே பார்ப்பவருக்கு அது பொருத்தம்தான். உள்ளே நடப்பது வேறு. பர்மிய மலைப்பாம்பின் இதயக் கீழறைத் தசை, இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள் 40 விழுக்காடு வளர்கிறது என்று 2005-இல் அறிவித்தார்கள். அந்த இரண்டு நாட்களில் பாம்பைத் தூக்கிக் கொஞ்சுவது, விழுங்கியதைக் கக்க வைக்கும் உறுதியான வழி. அப்படிக் கக்கிவிட்டால் இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு, வழக்கத்தைவிடச் சிறிய எலியைத்தான் கொடுக்க வேண்டும்.

அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சிப் பாம்பை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். படுக்கையில் விடுவதை மட்டும் நிறுத்துங்கள், தூக்கத்தில் புரண்டு படுத்தால் நசுங்குவது பாம்புதான். கூண்டின் சூடான பக்கத்தைச் சீராக்கி, ஒரு வாரம் தொடாமல் விட்டு, இளக வைத்த எலியின் தலையைச் சூடாக்கி இரவில் இடுக்கியால் காட்டிப் பாருங்கள். அது இரை எடுத்ததா என்பதை அவர் எழுதினால், முந்தைய பதில் வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பந்து மலைப்பாம்பு வளர்க்கும் ஒரு வாசகன்