சூடு மட்டும் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய்ச் செல்கள் சூடு தாங்காது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் செய்தி பாதியில் நின்றுவிட்டது. நான் கீமோ (புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை) வார்டில் செவிலியர். கட்டுரை வந்ததிலிருந்து, வீட்டிலேயே சூடு வைக்கலாமா என்று நோயாளிகளின் வீட்டார் என்னிடம் கேட்கும் கேள்விகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் சிஸ்பிளாட்டின், மெல்ஃபலான், மைட்டோமைசின் போன்ற கீமோ மருந்துகளின் வேகம் கூடுகிறது. இரத்த ஓட்டம் கூடி மருந்து கட்டிக்குள் அதிகம் போய்ச் சேர்கிறது. செல்லின் சவ்வும் அதை எளிதாக உள்ளே விடுகிறது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தியதும் செல் அதைப் பழுதுபார்க்க முனையும். அதற்கு உதவும் பிஆர்சிஏ2 என்ற புரதம் 41, 42 டிகிரிச் சூட்டில் சிதைந்துபோகிறது. சேதம் சேதமாகவே நிற்கிறது, செல் சாகிறது. ஆகவே சூடும் மருந்தும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். எல்லா மருந்துக்கும் இது பலிக்காது. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்துக்குச் சூட்டால் பெரிய ஆதாயம் இல்லை.

சினைப்பைப் புற்றுநோய் முற்றிய 245 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் பாதிப் பேருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு, 40 டிகிரிச் சூட்டில் சிஸ்பிளாட்டின் கலந்த திரவத்தை வயிற்றுக்குள் 90 நிமிடம் ஓடவிட்டார்கள். இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) சுமார் 34 மாதத்திலிருந்து 46 மாதமாகக் கூடியது. ஆனால் வயிற்றறைக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோயில், 43 டிகிரியில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தை 30 நிமிடம் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் ஆயுள் கூடவில்லை. இதையும் எழுதியிருக்க வேண்டாமா?

சரி, வீட்டில் நடப்பதற்கு வருகிறேன். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் கட்டி 42 டிகிரிக்குப் போகாது. வியர்வையும் இரத்த ஓட்டமும் அந்தச் சூட்டை வெளியேற்றிவிடும். தோல்தான் வேகும். சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்செல் எடுப்பவர்களுக்குக் கைகால் மரத்துப்போவது சகஜம். அப்படி ஒரு அம்மாவின் உள்ளங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளம் போட்டிருந்தது. நான் காலுறையைக் கழற்றும்வரை அவருக்கே தெரியாது.

அதைவிட என்னைப் பதறவைப்பது காய்ச்சல். "சூடு நல்லதுதானே, இருக்கட்டும்" என்று ஒரு மகன் அப்பாவை இரவு முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது உயிருக்கே ஆபத்தான தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இந்தச் சூட்டுச் சிகிச்சையைப் பற்றி அடுத்து எழுதும்போது, காய்ச்சல் பற்றிய இந்த எச்சரிக்கையைத் தனிப் பெட்டிச் செய்தியாக, பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கீமோ வார்டு செவிலியர்