தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

ஐயா,

புதிய விமான சேவை பற்றிய செய்திகளில் ‘இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்களும் எப்படி வந்தவை என்று சொல்வதில்லை. அதை நம்பி அடுத்த விமானத்துக்கு இணைப்பு போடுகிறவர்கள்தான் தவித்துப் போகிறார்கள்.

இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் இரு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். எந்த விமானமும் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. வான்வழித் தடங்கள், மூடிய வான்வெளி, புயல் மேகம் என்று ஒவ்வொன்றுக்காகவும் விலகிப் போக வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ.; அது மாறவில்லை. ஆனால் 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரப் பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது.

குறுகிய தூரத்தில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. 350 கி.மீ. தூரத்தை மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 25 நிமிடம் வரும். அந்த வேகம் 35,000 அடி உயரத்தில் கிடைப்பது. அங்கிருந்து இறங்க, 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்ற விமானிகளின் கணக்குப்படி, 105 கடல் மைல், அதாவது சுமார் 195 கி.மீ. வேண்டும். ஏறவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். இரண்டையும் கூட்டினால் 350-ஐத் தாண்டிவிடுகிறது! ஆக, விமானம் அந்த உயரத்தைத் தொடாமலே இறங்கத் தொடங்கிவிடும். இதுபோக, காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், போக வேண்டிய திசைக்கு நேரெதிராகக் கிளம்பித் திரும்புவதும் உண்டு.

பயணச்சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. புறப்படும் இடத்தில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, சேரும் இடத்தில் நிறுத்தப்படும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்தை ஈடுகட்ட நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியும் வைக்கின்றன. உத்தேசமாக அறிய, தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள்: 2,000 கி.மீ. என்றால் 3 மணி நேரம்.

அதுவும் காற்று இல்லாத கணக்கு. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ. மேற்கே போக 8 மணி நேரம் பிடிக்கும். திரும்பி வர 7 போதும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று தள்ளிவிடுவதே காரணம். குளிர்காலத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்.

சீட்டில் உள்ள மணிகளை நேரடியாகக் கழிப்பதும் தவறு. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். காலை 10:00-க்குக் கிளம்பி, இரண்டரை மணி நேரம் பின்தங்கிய ஊரில் பகல் 12:00-க்கு இறங்கினால், பயணம் நாலரை மணி நேரம்.

எனவே, செய்தி வெளியிடும்போது போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் அட்டவணைப்படி தனித்தனியே போடுங்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் நிலையத்தின் பெயரையும் கொடுங்கள். ‘டோக்கியோ’ என்று மட்டும் இருந்தால், ஊரை ஒட்டிய ஹனேதாவா, நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளியுள்ள நரிதாவா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
விமானப் பயணத் திட்டமிடல் அறிந்த வாசகர்கள்