கீசரை மாற்றும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஏற்காட்டு காட்டேஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் காட்டேஜும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் சேலம் கோரிமேட்டுப் பக்கம் இருந்து உங்கள் மலைக்கு வேலைக்கு வருகிற வயர்மேன். பனி இறங்கத் தொடங்கினால் எனக்கு போன் வரும். "தம்பி, கீசர்ல தண்ணி சூடாகவே மாட்டேங்குது. பெருசா ஒண்ணு வாங்கி வச்சுட்டேன், வந்து மாட்டிக் குடு." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு வீடு. காபிச் செடிகளுக்கு நடுவே தனிக் காட்டேஜ். மெயின் போர்டு பெரிய வீட்டில் இருக்கிறது, அங்கிருந்து 45 மீட்டர் தள்ளிக் காட்டேஜ். உள்ளே 15 லிட்டர், 2000 வாட் கீசர். வாசலில் புது 3000 வாட் கீசர் பெட்டி பிரிக்காமல் நிற்கிறது.

நான் அதைத் தொடவில்லை. பழைய கீசரைப் போட்டுவிட்டு, அது ஓடும்போதே அளந்தேன். மெயின் போர்டில் 230 வோல்ட். கீசர் பாயிண்டில் 212 வோல்ட். கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கிற மீட்டர்) ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்டிப் பார்த்தால் 8 ஆம்பியர். (இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். அவசரத்தில் பலர் செய்கிற தப்பு இது.)

இந்த மூன்று எண் போதும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். இதில் முதல் கணக்கை 1827-ல் எழுதி வெளியிட்ட ஓம் என்கிற ஜெர்மன்காரர் ஒரு பள்ளி ஆசிரியர், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கைவேலைக்காரன் வீட்டுப் பிள்ளை கொடுத்த கணக்கு என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கீசருக்கு 212-ஐ 8-ஆல் வகுத்தால் 26.5 ஓம். 2000 வாட் கீசர் நல்ல நிலையில் இருந்தால் அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆக, கீசர் மேல் குற்றமே இல்லை. ஆனால் வழியில் 18 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. 18-ஐ 8-ஆல் வகுத்தால் 2.25 ஓம். 18-ஐ 8-ஆல் பெருக்கினால் 144 வாட். இந்த 144 வாட்டும் தண்ணீரைச் சுடவைக்காமல் ஒயரைச் சுடவைக்கிறது. காசு மட்டும் மீட்டரில் ஏறுகிறது.

சரி, ஒயரில் எவ்வளவு இருக்கலாம்? இழுத்திருந்தது 1 எம்எம் (அதாவது குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர். அது கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். போக 45, வர 45, மொத்தம் 90 மீட்டர். கணக்குப்படி 1.62 ஓம்தான் வர வேண்டும். மீதி 0.63 ஓம் எங்கே?

ஒயர் போன வழியிலேயே நடந்தேன். பின்சுவர் ஓரம், சன்ஷேடுக்கு அடியில் ஒரு ஜாயின்ட். முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப் இளகி வழிந்து, ஒயரின் தோல் கருகி, செம்பு பச்சை பூத்திருந்தது. ஆம்பியரையும் ஓமையும் பெருக்கினால் வோல்ட், அதை மறுபடி ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆக 8-ஐ 8-ஆல் பெருக்கி, 0.63-ஆல் பெருக்குங்கள்: 40 வாட். நான் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரிய சூடு, ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில், காய்ந்த மரச்சட்டத்தை ஒட்டி, தினமும் காலையில்.

"எம்சிபி விழலையே தம்பி?" என்று கேட்டார் அந்தக் காட்டேஜ்கார அண்ணன். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச். விழாது அண்ணா. அது 16 ஆம்பியர் எம்சிபி. ஓடுவது 8. எம்சிபி பார்ப்பது தன் வழியே எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை மட்டும்தான். எங்கோ ஒரு ஜாயின்ட் வேகிறது என்பது அதற்குத் தெரியாது.

அந்த 3000 வாட் கீசரை மாட்டியிருந்தால்? அதன் தடை 17.6 ஓம். வழியில் உள்ள 2.25-ஐச் சேர்த்தால் கிட்டத்தட்ட 20. கரண்ட் 11.6 ஆம்பியர். அதே ஜாயின்டில் 84 வாட். சூடு இரண்டு மடங்குக்கு மேல். எம்சிபி அப்போதும் விழாது. உள்ளே ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் சூடாகத் தாமதம் ஆவதற்குப் பெரிய காரணம் உங்கள் மலைக் குளிர். சேலத்தில் 28 டிகிரியில் வருகிற தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். மேலே 15 டிகிரித் தண்ணீர் என்றால் பதினெட்டு நிமிடம் ஆகும். அந்தக் காட்டேஜில் ஒயர் தின்றது போக இருபத்திரண்டு. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னாடியே கீசரைப் போடச் சொல்லி விருந்தினரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய கீசரே வேண்டாம்.

அங்கே 4 எம்எம் ஒயர் புதிதாக இழுத்தேன், நடுவில் ஜாயின்ட் இல்லாமல். மறுபடி அளந்தபோது கீசர் பாயிண்டில் 226 வோல்ட். பழைய கீசர்தான் இன்னும் ஓடுகிறது. புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்களிடம் கேட்பது இதுதான். மே மாதக் கூட்டத்தில் எல்லா அறையும் நிறைந்து, விடியக்காலை எல்லா கீசரும் ஒன்றாக ஓடும். அதற்குள், ஏப்ரலிலேயே, உங்கள் வயர்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கீசரையும் ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். போர்டைத் திறந்து நீங்களே கை வைக்க வேண்டாம், அது அவர் வேலை. போர்டில் எத்தனை வோல்ட், பாயிண்டில் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, போர்டு மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு வோல்ட்டுக்கும் ஏழெட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஒயர் போன வழியெல்லாம் பார்க்காமல் அவரை அனுப்பாதீர்கள். கூலி கொடுப்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மலைக்கு வந்துபோகும் ஒரு வயர்மேன், சேலம்