போர்ட் ஒன்று என்னிடம்தான் இருக்கிறது

அண்ணா,

இன்றோடு 20 வருஷம். எந்த நாளுக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். தனியாக எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. இதையாவது யாராவது உங்கள் கண்ணில் காட்டாமலா போய்விடுவார்கள்?

நேற்று ராத்திரி என்னிடம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். அதே வெள்ளிக் கவர், அதன்மேல் உங்கள் கையெழுத்தில் "1", போர்ட் எண். இன்றைய மதர்போர்டிலும் அதே சாட்டா இணைப்புதான், எந்த மாற்றியும் தேவைப்படவில்லை. கரண்ட் கொடுக்கும் முன் கை கொஞ்சம் நின்றது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த மோட்டார் சுற்றுமா, தரவைப் படிக்கிற ஹெட் ஒட்டிக்கொண்டிருக்குமா என்று எத்தனையோ யோசனை. சுற்றியது. மெல்ல ஏறுகிற அந்த ஊதல் சத்தம், பிறகு ஹெட் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்போது வருகிற இரண்டு டிக். அந்த டிக் கேட்டதும் வயிற்றில் என்னவோ செய்தது. எதை நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் வேலையாக, ஒரு பைட் விடாமல் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல், அதாவது இமேஜ், எடுத்தேன். 160 ஜிபி. (விண்டோஸ் கணக்கில் 149. "11 ஜிபியைத் திருடிட்டாங்க" என்று நான் குதித்ததும், ஆயிரத்துக்கும் 1,024-க்கும் உள்ள சண்டையை நீங்கள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியதும் நினைவிருக்கிறதா? அந்த அட்டையைக்கூட நான் தூக்கிப் போடவில்லை.) 55 நிமிஷம் ஆனது. இப்போது நான் வைத்திருக்கிற, விரல் நீளம்கூட இல்லாத என்விஎம்இ (சுற்றுகிற பாகமே இல்லாத டிஸ்க்) விநாடிக்கு 7,000 எம்பி படிக்கும். அதே இமேஜை அரை நிமிஷத்துக்குள் விழுங்கிவிடும். உடனே நீங்கள் கேட்கப்போவதும் தெரியும்: "4கே எவ்வளவுடா? வரிசையில ஒரே ஒரு கோரிக்கைதான் நிக்குதுன்னா?" இங்கொன்றும் அங்கொன்றுமாக 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் அது 100 எம்பியைத் தொடவே திணறும் அண்ணா. நம் டிஸ்க்கில் அதே சோதனை 0.3. பெட்டியில் அச்சடிக்கிற பெரிய எண் வேறு, கை உணர்கிற வேகம் வேறு என்று அப்போதே சொன்னவர் நீங்கள். இன்றைக்கும் பசங்க 7,000-க்கும் 7,400-க்கும்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

இமேஜ் எடுக்கிற அந்த 55 நிமிஷமும் திரையைவிட்டு நகரவில்லை. விநாடிக்கு 62 எம்பியில் தொடங்கிய வேகம் படிப்படியாக இறங்கி 50, 43 என்று வந்து கடைசியில் 35. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. வெளி வட்டம் பெரிசு, அதில் தரவு வைக்கிற செக்டர்கள் அதிகம், சுற்று ஒன்றுதான் என்பதால் வெளியே வேகம், உள்ளே மந்தம். எந்த ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் கோடு வலது பக்கம் சரிந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் கோடு மட்டும் சரியவில்லை.

நம் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து பார்த்த, உங்கள் டிஸ்க்கின் வேகச் சோதனை ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்கிறேன். அணுகும் நேரம் 9.1 மில்லிசெகண்ட். அதே மாடல், அதே மாதத் தயாரிப்பு, என்னுடையது 12.9. கேபிளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், எனக்கு வந்த டிஸ்க்கே சொத்தை என்று ஒரு மாதம் நொந்துபோய்க் கிடந்தேன். ராப்டர் என்ற வேக டிஸ்க் வைத்திருந்தவன் தன் 10,000 சுற்றை வைத்துக்கொண்டு எல்லோரையும் மட்டம் தட்டிக்கொண்டிருந்த சமயம் அது. நீங்கள் 7,200-ஐ வைத்தே அவன் பக்கத்தில் போய் நின்றதில் எனக்கும் பெருமைதான், மறைக்க மாட்டேன். 7,200 என்றால் விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3, தேடிப்போன செக்டர் ஹெட்டுக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதுவே 4.2. மீதி ஹெட் நகர்கிற நேரம். 9.1 வர வேண்டுமானால் ஹெட் ஐந்து மில்லிசெகண்டுக்குள் ஓடி முடிக்க வேண்டும். எப்படி முடியும்? அந்தக் கணக்கை எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள். அதனாலேயே அதை உங்கள் மேல் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. எத்தனை ஜிபி வரைக்கும் ஓடியது என்று காட்டுகிற கோடு அங்கேதான் இருக்கும்.

இது நேற்று எனக்குத் தோன்றிய சந்தேகம் இல்லை, உங்கள் வாக்குமூலமே கிடைத்துவிட்டது. சொல்கிறேன், பொறுங்கள்.

அதற்கு முன் என் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

ரெய்டு ஜீரோ என் யோசனை. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டினால் விநாடிக்கு 120 எம்பியைத் தாண்டும், ராப்டர்காரன் வாயடைத்துப் போவான் என்று நான்தான் உங்கள் பின்னாலேயே அலைந்தேன். "வரிசையா படிக்கறதுல தாண்டும். தேடறதுல தாண்டாது. ஹெட் அதே ஹெட்தானே?" என்றீர்கள். அப்புறம், "ஒண்ணு செத்தா ரெண்டும் போச்சு, தெரியும்ல?" என்றும் கேட்டீர்கள். "புது டிஸ்க்தானேண்ணா" என்றேன். இந்த மூன்று சொல்லை எத்தனை ராத்திரி எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா?

ஆனால் எனக்கு அப்போது 19 வயசு. உங்களுக்கு 27. அந்த ஃபோல்டரை, வேறெங்கும் பிரதி இல்லாத அந்த ஒரே ஃபோல்டரை, அதில் கொண்டுவந்து போட்டது நானா? வேகம் பார்க்கக் கட்டின வண்டியில் போய் அதை ஏற்றியது யார்? இதைக் கேட்கக் கூடாதென்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டேன், கேட்டதும் கேவலமாக இருக்கிறது.

ஃபோல்டரில் என்ன இருந்தது என்பது நம் இருவரோடு இருக்கட்டும். கீழே கருத்துச் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து ஊகிக்க வேண்டாம்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். க்ளக்... க்ளக்... க்ளக்... பிறகு மோட்டார் அடங்கிவிடும். நீங்கள் டிஸ்க்கின் மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹெட் போச்சுடா" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டவில்லை. "இனிமே இதைத் தொடாத, காலையில பாப்போம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

நான் தொட்டேன்.

இரண்டு மணி இருக்கும். முதலில் ஆன் பண்ணி ஆஃப் பண்ணினேன், ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை பிடித்துவிடும் என்றே தோன்றும். அப்புறம், ஃப்ரீசரில் வைத்தால் உலோகம் சுருங்கி ஒருமுறையாவது ஓடும் என்று அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வைத்தியம். இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே வைத்தேன். தரையில் உட்கார்ந்து ஃப்ரிஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று மணி நேரம். வெளியே எடுத்தபோது மூடி முழுக்கப் பனி பூத்திருந்தது. பனியன் முனையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி ஈரம் படிந்தது. வெளியே படிகிற ஈரம் உள்ளேயும், சுற்றுகிற தட்டான பிளாட்டர்மேல் படிந்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. இல்லை, கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே செருகினேன்.

க்ளக் வரவில்லை. சர்ர்ர் என்று ஒரு சத்தம். இரண்டு விநாடி இருக்கும், அவ்வளவுதான், கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

விடிவதற்குள் உலர்த்தி, திருகு நான்கையும் மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். காலையில் எழுந்து ஒரே ஒரு தடவை ஆன் பண்ணினீர்கள். அதே சர்ர்ர். உடனே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ராத்திரியே இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாண்ணா."

இதுதான். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் இதற்குத்தான் கேட்க வேண்டும். ரெய்டு ஜீரோ நாம் இருவரும் ஒப்புக்கொண்டு ஆடிய ஆட்டம். ஃப்ரீசர் நான் தனியாகச் செய்தது, பொய்யும் தனியாகச் சொன்னது. "உன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு 0-வை நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள், 1-ஐ என் மேசையில் வைத்துவிட்டு. அப்போதே தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னீர்களா? அப்படியென்றால் அந்த வார்த்தை எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வாக்குமூலம். ரெய்டு ஜீரோவில் ஒரு பாதி போனால் மற்றதும் குப்பை என்பது பெரிய கோப்புக்குத்தான் பொருந்தும். 64 கேபி இங்கே, அடுத்த 64 கேபி அங்கே என்று மாற்றி மாற்றித்தானே வெட்டிப் போடுகிறது? ஒரு வெட்டுக்குள் அடங்குகிற சின்னக் கோப்பு ஏதாவது ஒரு பக்கத்தில் முழுசாகவே விழுந்து கிடக்கும். இமேஜ் முழுக்க நம் டிஸ்க்கின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினேன். 2 கேபி அளவில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வந்தது, நீங்கள் எழுதியது:

"20 ஜிபி ஆக்கி: 9.1. முழுசா: 13.4. தம்பி: 12.9. அவனுதுதான் நல்ல டிஸ்க்."

டிஸ்க்கையே 20 ஜிபி என்று நம்பவைக்கிற கருவியைப் போட்டு, வெளி விளிம்பிலேயே ஹெட்டை ஓடவிட்டு, அந்த எண்ணை ஊருக்குக் காட்டியிருக்கிறீர்கள். ஒரு மாதம் நான் என் டிஸ்க்கைச் சொத்தை என்று திட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். 9.1-ஐப் பிடிக்க வேண்டும் என்ற வெறி இல்லையென்றால் நான் ரெய்டு பக்கமே போயிருக்க மாட்டேன் அண்ணா. நேற்று இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அப்புறம் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். அதைக் கோப்பில் எழுதினதற்குப் பதிலாக ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன?

இன்னொன்றும் கிடைத்தது. இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக் கேமராப் படம் ஒவ்வொன்றும் 700, 800 கேபி. இரண்டு டிஸ்க்கிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது, பாதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கோப்பின் தலைப்பகுதியிலேயே கேமரா 160-க்கு 120 புள்ளியில் ஒரு குட்டிப் படத்தைச் சேர்த்து வைக்கும். எந்தப் படங்களின் முதல் துண்டு என் பக்கம் விழுந்ததோ, அவற்றின் குட்டிப் படம் முழுசாக இருக்கிறது. 41 இருக்கின்றன. எதையும் பார்க்கவில்லை என்று எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். ஒன்றைப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்தில் எடுத்தது. சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தளவுதான், ஆனாலும் சிரிப்பு தெரிகிறது. மற்ற 40-ஐத் திறக்கவில்லை, அவை உங்களுக்கு.

41-ஐயும் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆமாம், இப்போதுதான்.

நான் முடிவு பண்ணியது இது. மீட்பு வேலை செய்கிற ஒரு லேபில் பேசியிருக்கிறேன். அதே மாடலில் ஓடுகிற நிலையில் இன்னொரு டிஸ்க் கிடைத்தால், அதன் ஹெட்டைக் கழற்றி இறந்ததில் பொருத்திப் படிக்கப் பார்ப்பார்கள். பிளாட்டரில் கீறல் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது என்றார்கள். ஃப்ரீசர் விஷயத்தை அவர்களிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. கீறல் விளிம்பில் மட்டும் இருந்தால் மீதி வரலாம். வந்தால், என் பாதி ஒரு செக்டர்கூடப் பிசகாமல் தயாராக இருக்கிறது. செலவு என்னுடையது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்ட்ரைப் (ஒரு வெட்டு) 64 கேபி, போர்ட் 0 முதலில். எனக்கு மறக்கவில்லை.

0-வை அனுப்பி வையுங்கள். என்னோடு பேச வேண்டாம், ஒரு துண்டுச்சீட்டுகூட உள்ளே வைக்க வேண்டாம். பஞ்சு நிறைய வைத்து, ஆடாமல் கட்டி அனுப்பினால் போதும்.

எனக்கு உங்களைத் தெரியும். இந்த நாள் வரும்போதெல்லாம், ஒருவேளை ஓடுமோ என்று அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்றைக்கும் எடுத்திருப்பீர்கள்.

அதை ஆன் பண்ணாதீர்கள் அண்ணா.